பழைய ஜியாலோ படங்கள்: எந்த டிஸ்க்கை வாங்குவது?

கறுப்புக் கையுறை போட்ட கொலைகாரன், பளபளக்கும் சவரக்கத்தி, எதையோ பார்த்துவிட்டு அது என்னவென்று பிடிபடாமல் தவிக்கும் ஒரு சாட்சி, பின்னணியில் எனியோ மோரிகோனேயின் இசை. இத்தாலியின் ஜியாலோ படங்களை ஒரே மூச்சில் சொல்வதானால் இவ்வளவுதான். 1963, 64-ல் மரியோ பாவா பாதை போட்டார். 1970-ல் டாரியோ அர்ஜென்டோ தன் முதல் படத்தோடு வந்து வெற்றி பெற்றார். அடுத்த சில ஆண்டுகளுக்கு ரோமில் ஆளாளுக்கு ஒரு ஜியாலோ எடுத்துத் தள்ளினார்கள்.

இந்தப் படங்கள் நெடுங்காலம் கீறல் விழுந்த பிரிண்ட்டிலும் மங்கிய விஎச்எஸ் கேசட்டிலும்தான் கிடைத்தன. இப்போது நிலைமை தலைகீழ். ஆரோ, செவரின், புளூ அண்டர்கிரவுண்ட், வினிகர் சிண்ட்ரோம், ஷேம்லெஸ், 88 ஃபிலிம்ஸ் என்று பல கம்பெனிகள் போட்டி போட்டு வெளியிடுகின்றன. ஒரே படத்துக்கு நாலைந்து டிஸ்க் இருக்கிறது. அதில் எதை எடுப்பது என்பதுதான் தொல்லை. முதல் முறை வாங்குகிறவர் நேராக 4கே (சாதாரண ப்ளூரேயைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட படம்) முத்திரையைத்தான் தேடுவார். என் கணக்கில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். படம் எதிலிருந்து ஸ்கேன் ஆனது, எந்த நீளத்தில் இருக்கிறது, எந்த மொழி ஒலி இருக்கிறது என்ற மூன்றும் அதற்கு முன்னால் வருகின்றன.

ஸ்கேனிலிருந்தே தொடங்கலாம். ஜியாலோக்களில் கணிசமானவை டெக்னிஸ்கோப் முறையில் எடுக்கப்பட்டவை. சாதாரண 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஃப்ரேம், ஃபிலிமின் ஓரத்துத் துளைக் கணக்கில் நான்கு துளை உயரம் எடுத்துக்கொள்ளும். டெக்னிஸ்கோப்பில் இரண்டே துளை, அதாவது ஏறக்குறைய ஒன்பதரை மி.மீ. உயரம்தான். அதே ரோலில் இரு மடங்கு நேரம் சுடலாம். அகலத்திரைக்கென்று விலை உயர்ந்த லென்ஸும் தேவையில்லை. தயாரிப்பாளருக்குக் கொண்டாட்டம். ஆனால் நெகட்டிவில் படத்தின் பரப்பு பாதியாகிவிடுகிறது. அந்தக் காலத்தில் டெக்னிகலர் லேப் சாய அச்சு முறையில் நெகட்டிவிலிருந்து நேரடியாகப் பிரிண்ட் போட்டதால் இந்தக் குறை தியேட்டரில் பெரிதாகத் தெரியவில்லை. அந்த முறை வழக்கொழிந்த பின் இடையில் ஒரு நகல் எடுத்து, அதிலிருந்து பிரிண்ட் போட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு நகலுக்கும் கிரெய்ன் (ஃபிலிமில் இயல்பாகத் தெரியும் நுண்புள்ளிகள்) பெருத்தது, முகங்கள் கரைந்தன. நாம் பல வருடங்கள் பார்த்தது அந்தக் கரைந்த முகங்களைத்தான்.

அதனால் டிஸ்க்கின் விவரக் குறிப்பில் நான் முதலில் தேடுவது 'ஒரிஜினல் கேமரா நெகட்டிவ்' என்ற சொற்களை. அங்கிருந்து ஸ்கேன் செய்தால் இடையில் வந்த நகல் கோளாறுகள் எல்லாம் ஒரேயடியாகக் கழன்றுவிடும். இது இருந்து, ஸ்கேன் வெறும் 2கே என்றாலும் நான் வாங்குவேன். இது இல்லாமல் ஏதோ பிரிண்ட்டிலிருந்து 4கே ஸ்கேன் எடுத்திருந்தால் அவசரப்பட மாட்டேன்.

2009, 2010 வாக்கில் வந்த ப்ளூரேக்களில் இன்னொரு தொல்லை உண்டு. அன்றைய இத்தாலிய லேப்கள் சிலவற்றின் பழைய ஸ்கேனர்கள் தம் பங்குக்கு ஒரு மின்னணு இரைச்சலைப் படத்தின் மேல் தூவிவிட்டன. உண்மையான கிரெய்ன் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடம் மாறி அலைபாயும். இந்த இரைச்சலோ ஜன்னலில் அடித்த கொசுவலை போல நின்ற இடத்திலேயே நிற்கும், அதற்குப் பின்னால் நடிகர்கள் நடமாடுவார்கள். அதை மறைக்கிறேன் என்று மென்பொருளால் மழுங்கடித்தால் முகமெல்லாம் மெழுகாகிவிடும். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்தத் தலைமுறை டிஸ்க்குகளை அள்ளுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒரு படத்துக்கு வேறு பதிப்பே இல்லையென்றால் மட்டும் விதிவிலக்கு.

நிறம் இன்னொரு சண்டைக்களம். ஸ்கேன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நிறத்தைக் கடைசியில் ஒரு மனிதர்தான் தீர்மானிக்கிறார். பொலோன்யா நகரத்து லிம்மாஜினே ரித்ரோவாத்தா லேப் உலகப் புகழ் பெற்றது, ஆனால் அங்கிருந்து வரும் படங்களில் மஞ்சள் சாயல் தூக்கல் என்பது சேகரிப்பாளர்களின் நெடுநாள் புகார். புகாரில் பாதி நியாயம், பாதி பழக்கதோஷம். முப்பது வருடம் வெளிறிய கேசட்டில் பார்த்த கண்ணுக்கு எந்த நிறமும் அதிகமாகத்தான் படும்.

சரி, குறிப்பிட்ட படங்களுக்கு வருவோம்.

அர்ஜென்டோவின் முதல் படமான 'தி பேர்ட் வித் த கிரிஸ்டல் ப்ளூமேஜ்' நல்ல பாடம். ஒளிப்பதிவு வித்தோரியோ ஸ்தொராரோ, பின்னாளில் மூன்று ஆஸ்கர் வாங்கியவர். எடுக்கும்போது 2.35:1 அகலத்திரை. ஆனால் ஸ்தொராரோ 1990களின் கடைசியில் எல்லாப் படங்களும் 2:1 விகிதத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கொள்கை வகுத்து, அதற்கு யூனிவிசியம் என்று பெயரும் வைத்தார். தன் பழைய படங்களையும் அந்த அளவுக்குள் அடக்கப் பார்த்தார். 2011-ல் ஆரோ வெளியிட்ட ப்ளூரே அவர் விருப்பப்படி 2:1-ல் வந்தது. கணக்குப் போட்டால் அகலத்தில் சுமார் 15 சதவீதம் போயிற்று. வேறு படமாக இருந்தால் விட்டுவிடலாம். இந்தப் படத்தின் உயிரே ஓவியக்கூடக் காட்சி. கதாநாயகன் இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டு, உள்ளே குத்துப்பட்டுக் கிடக்கும் பெண்ணை ஒன்றும் செய்ய முடியாமல் பார்க்கிறான். அந்த வெற்று வெள்ளை அகலம்தான் அங்கே பயமுறுத்துவது. அதை நறுக்கினால் என்ன மிச்சம்? படம் பிடித்தவரே சொன்னாலும் இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம் இல்லை.

2017-ல் ஆரோவே கேமரா நெகட்டிவிலிருந்து 4கே-யில் ஸ்கேன் செய்து, முழு அகலத்தோடு புதிய ப்ளூரே போட்டது. 2021-ல் 4கே யூஎச்டியும் (4கே படத்தைத் தாங்கும் புது வகை டிஸ்க்) வந்தது. இரண்டில் எது? இரண்டு துளை நெகட்டிவ் இது. 2017 ப்ளூரே காட்டாத எந்த நுணுக்கத்தையும் 4கே டிஸ்க் புதிதாகத் தோண்டி எடுத்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. கிரெய்ன் இன்னும் இயல்பாக அசைகிறது, இருட்டுக் காட்சிகள் இன்னும் ஆழமாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். பட்ஜெட் இறுக்கம் என்றால் 2017 ப்ளூரே போதும். 2011 டிஸ்க்கை யாராவது இனாமாகக் கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

'டீப் ரெட்' (1975) விஷயத்தில் பிரச்சினை நீளம். இத்தாலிய வடிவம் சுமார் 127 நிமிடம், வெளிநாட்டுச் சந்தைக்குப் போன வடிவம் சுமார் 105 நிமிடம். வெட்டப்பட்டதில் பெரும்பகுதி பியானோக் கலைஞனாக வரும் டேவிட் ஹெம்மிங்ஸுக்கும் பத்திரிகையாளராக வரும் தாரியா நிகோலோதிக்கும் நடக்கும் சீண்டல்கள். கை மல்யுத்தம், ஓட்டைக் கார், ஆணா பெண்ணா யார் பலசாலி என்ற வாக்குவாதம். சுருக்கமான வடிவம்தான் வேகமாக, இறுக்கமாக இருக்கிறது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. வேகம் உண்மைதான். ஆனால் அந்தக் காட்சிகள் இல்லாவிட்டால் நிகோலோதி வெறும் துணைப் பாத்திரமாகச் சுருங்கிவிடுகிறார், படமும் கொலைகளை வரிசையாக அடுக்கியது போல் ஆகிவிடுகிறது. முதல் தடவை பார்ப்பவர் நீளமானதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். பழைய டிவிடிகளில் இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் கிடைத்தது. ஆரோவின் 2016 ப்ளூரே தொகுப்பிலும் 2021 யூஎச்டியிலும் இரண்டும் இருக்கின்றன. ஆகவே இங்கே போட்டி அந்த இரண்டு பதிப்புகளுக்கு இடையில் மட்டும்.

நீளமான வடிவத்தை ஆங்கில ஒலியில் ஓட்டினால் திடீர் திடீரென்று பாத்திரங்கள் இத்தாலியனில் பேசத் தொடங்குவார்கள். டிஸ்க் பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். வெட்டப்பட்ட காட்சிகளுக்கு ஆங்கில டப்பிங் கிடைப்பதில்லை, அதனால் அந்த இடங்களில் இத்தாலிய ஒலியும் சப்டைட்டிலும் வரும். நீளமானதை இத்தாலியனிலும் சுருக்கமானதை ஆங்கிலத்திலும் பார்ப்பதே நிம்மதி.

ஒலி பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'ஒரிஜினல் மொழியில்தான் பார்ப்பேன்' என்று அடம் பிடிப்பது இந்த வகைப் படங்களில் செல்லாது. அன்றைய இத்தாலியப் படப்பிடிப்பில் நேரடி ஒலிப்பதிவு கிடையாது என்றே சொல்லலாம். அமெரிக்க நடிகர் ஆங்கிலத்தில் பேசுவார், எதிரில் நிற்பவர் இத்தாலியனிலோ ஸ்பானிஷிலோ பதில் சொல்வார், பிறகு எல்லாரும் டப்பிங் மேடையில் ஒட்டப்படுவார்கள். எந்த மொழியில் பார்த்தாலும் யாரோ ஒருவரின் உதடு ஒட்டாது. என் வழக்கம், முக்கிய நடிகரின் சொந்தக் குரல் எந்த ஒலித்தடத்தில் இருக்கிறதோ அதை எடுப்பது. 'பேர்ட்' படத்தின் டோனி முசான்டே ஆங்கிலத்தில்தான் சொந்தக் குரலில் பேசுகிறார். அப்புறம் சப்டைட்டிலையும் கவனியுங்கள். ஆங்கில டப்பிங் வசனத்தை அப்படியே எடுத்து இத்தாலிய ஒலிக்கு அடியில் ஓட்டும் சோம்பேறி டிஸ்க்குகள் உண்டு. நல்ல பதிப்பில் இத்தாலிய வசனத்தின் மொழிபெயர்ப்பு ஒன்று, காது கேளாதவர்களுக்கான ஆங்கில வசனம் ஒன்று என்று தனித்தனியாக இருக்கும்.

இதுவரை 4கே-யைக் கொஞ்சம் மட்டம் தட்டியாயிற்று. ஒரு படத்துக்கு அதை மனமுவந்து பரிந்துரைக்கிறேன், பாவாவின் 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்' (1964). ரோமில் ஒரு ஃபேஷன் நிலையம், அழகிகள் ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போகிறார்கள், கொலைகாரனுக்கு முகமே இல்லை. கதை அவ்வளவுதான். மற்றதெல்லாம் வெளிச்சம். பாவா அடிப்படையில் ஒளிப்பதிவாளர். செலவில்லாமல் விளக்குகளுக்கு முன்னால் நிறத்தாள் கட்டி, ஒரு பழம்பொருள் கடையின் இருட்டைப் பச்சையும் ஊதாவும் சிவப்புமாகப் பிழிந்திருக்கிறார். சாதாரண ப்ளூரேயில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள்தான் உண்டு, யூஎச்டியில் 1024. பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்துக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இருட்டுக்குள் கரையும் அடர் சிவப்புக்கு இது பெரிய வித்தியாசம். ப்ளூரேயில் ஒரே சிவப்புத் திட்டாகத் தெரியும் பட்டுத் துணி, எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் விரிவோடு காட்டும் முறை) சரியாகச் செய்த டிஸ்க்கில் மடிப்பு மடிப்பாக விரிகிறது.

ஆனாலும் ஒரு நிபந்தனை. டிவி ஓலெட் வகையாகவோ நல்ல வெளிச்சக் கட்டுப்பாடு உள்ளதாகவோ இருக்க வேண்டும். விலை குறைந்த 4கே டிவிகளில் எச்டிஆர் என்று எழுதியிருக்கும், படம் இருண்டு போவதுதான் மிச்சம். அப்படிப்பட்ட டிவி வைத்திருப்பவருக்கு நெகட்டிவிலிருந்து எடுத்த ஆரோவின் 2015 ப்ளூரேயே மேல். பாவாவைப் பற்றிப் பெரும் புத்தகம் எழுதிய டிம் லூகாஸின் வர்ணனை ஒலித்தடமும் அதில் உண்டு. அதை மட்டும் தனியாக ஒரு முறை கேட்கலாம், அத்தனை தகவல்.

படத்தரம் வேறு, படம் வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது. லூச்சோ ஃபுல்ச்சியின் 'தி நியூயார்க் ரிப்பர்' (1982) புளூ அண்டர்கிரவுண்டிடமிருந்து 2020-ல் அருமையான யூஎச்டியாக வந்திருக்கிறது. பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் 1984-ல் சான்றிதழே தர மறுத்த படம். டிஸ்க்குக்கு முழு மதிப்பெண். படத்தை என்னால் இன்னொரு முறை பார்க்க முடியாது. அதே ஃபுல்ச்சியின் 'டோன்ட் டார்ச்சர் எ டக்லிங்' (1972) தென் இத்தாலியக் கிராமம் ஒன்றில் குழந்தைகள் கொல்லப்படும் கதை. வெயிலும் மூடநம்பிக்கையும் ஊர்க் கோபமும் கலந்த அது, என் பார்வையில் அவருடைய ஆகச் சிறந்த படம். ஆரோவின் ப்ளூரே போதும், யோசிக்காமல் வாங்கலாம்.

தனித்தனியாக வாங்காமல் தொகுப்பாக எடுப்பது அடுத்த வழி. இங்கே மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஆரோவின் 'ஜியாலோ எசென்ஷியல்ஸ்' வரிசை நிறங்களின் பெயரில் வருகிறது, தொகுப்புக்கு மூன்று படம். ஏற்கெனவே தனியாக வந்த டிஸ்க்குகளையே சேர்த்துக் கட்டியவை பல, புத்தகம் போன்ற அலங்காரங்கள் குறைவு, படம் ஒன்றுக்கு விலையும் குறைவு. சிவப்புத் தொகுப்பில் 'தி பொசெஸ்டு' (1965), 'தி ஃபிஃப்த் கார்ட்' (1971), 'தி பைஜாமா கேர்ள் கேஸ்' (1977) இருக்கின்றன. முதலாவது ஏரிக்கரை விடுதியில் நடக்கும் கறுப்பு வெள்ளைப் படம், ஜியாலோ சூத்திரம் உறையும் முன் எடுத்தது. மூன்றாவது 1934-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் உண்மைக் கொலையைத் தழுவியது. நடுவில் உள்ளதுதான் மாணிக்கம். ஃபிராங்கோ நீரோ நடித்து, ஸ்தொராரோ ஒளிப்பதிவு செய்து, மோரிகோனே இசையமைத்தது. கதை நினைவில் நிற்காது. சுழல் படிக்கட்டும் ஜன்னல் சட்டங்கள் போடும் நிழலும் வருடக்கணக்கில் நிற்கும். மஞ்சள் தொகுப்பில் செர்ஜோ மார்த்தினோவின் 'டார்சோ' இருக்கிறது. அதன் கடைசி அரைமணி நேரத்துக்காகவே வாங்கலாம். கூட வரும் 'ஸ்ட்ரிப் நியூட் ஃபார் யுவர் கில்லர்' தலைப்புக்கு மேல் எதுவும் இல்லாத படம்.

செவரின் 2020-ல் வெளியிட்ட உம்பர்ட்டோ லென்சி, கேரல் பேக்கர் தொகுப்பில் நான்கு படங்கள். ஹாலிவுட்டில் 'பேபி டால்' படத்தால் புகழடைந்த பேக்கர் இத்தாலிக்கு வந்து 1969-க்கும் 1972-க்கும் நடுவே நடித்தவை. கையுறைக் கொலைகாரனை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பணக்காரர்கள், சொத்து, துரோகம், நீச்சல் குளம் என்று போகிறது கதை. எனக்கு இந்த வகை பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். தனித்தனி டிஸ்க்காகத் தேடுகிறவர் கவனிக்க வேண்டியது, 1969-ன் 'ஆர்காஸ்மோ' அமெரிக்காவில் 'பரனோயா' என்ற பெயரில் ஓடியது; 1970-ல் வந்த வேறொரு படத்தின் இத்தாலியப் பெயரும் 'பரனோயா'தான். ஒன்றை நினைத்து மற்றதை வாங்குவது சுலபம். தொகுப்பாக எடுத்தால் இந்தக் குழப்பம் இல்லை.

வினிகர் சிண்ட்ரோமின் 'ஃபர்காட்டன் ஜியாலி' தொகுப்புகள் பெயருக்கேற்ப மறக்கப்பட்ட படங்களைத் தோண்டி எடுப்பவை. ரீஸ்டோர் வேலை நன்றாக இருக்கிறது. ஆனால் மறக்கப்பட்டதற்குச் சில சமயம் காரணமும் இருக்கும். முதல் தொகுப்பின் மூன்றில் இரண்டு ஸ்பெயின் நாட்டுப் படங்கள். பத்திருபது ஜியாலோ பார்த்து முடித்தவர் இதைத் தொடட்டும். தொடங்குகிறவருக்கு என் தேர்வு ஆரோவின் சிவப்புத் தொகுப்பு.

வாங்கும் முன் ரீஜன் கோடு, அதாவது டிஸ்க் எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்ற மண்டலப் பூட்டு. இதில்தான் நம் வாசகர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ப்ளூரே உலகில் இந்தியாவும் இலங்கையும் சி மண்டலம். சிங்கப்பூர், மலேசியா, கனடா ஏ. பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. ஜியாலோ டிஸ்க்குகளில் பல ஏ அல்லது பி மண்டலத்துக்குப் பூட்டப்பட்டவை. டொராண்டோவில் இருப்பவர் அமெரிக்கப் பதிப்பையும் லண்டனில் இருப்பவர் பிரிட்டிஷ் பதிப்பையும் எடுத்தால் வேலை முடிந்தது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவருக்கு, உள்ளூரில் வாங்கிய பிளேயரில் இரண்டுமே ஓடாமல் போகலாம். பூட்டு நீக்கிய பிளேயர் வேண்டும், அல்லது கம்ப்யூட்டர் டிரைவில் வேறு ஏற்பாடு வேண்டும்.

4கே யூஎச்டி டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டே கிடையாது. ஆகவே படத்தரத்துக்காக அவசியமில்லை என்று நான் மேலே சொன்ன 4கே, இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவருக்கு வேறொரு காரணத்தால் நல்ல வழியாகிவிடுகிறது. டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இருந்தால் தனி பிளேயர்கூட வேண்டாம். எச்டிஆரின் மேம்பட்ட வகையான டால்பி விஷன் மட்டும் டிஸ்க்கிலிருந்து வராது, சாதாரண எச்டிஆர்தான் கிடைக்கும். இந்தப் படங்களுக்கு அது தாராளம். பெட்டிக்குள் துணைக்கு ஒரு சாதாரண ப்ளூரேயும் இருந்தால் அது பூட்டப்பட்டிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். கூடுதல் பேட்டிகள் எந்த டிஸ்க்கில் இருக்கின்றன என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் தபால் செலவும் சுங்க வரியும் சேரும். ஒவ்வொன்றாக இல்லாமல் மூன்று நான்காகச் சேர்த்து ஆர்டர் போடுங்கள்.

கெட்டி அட்டைப் பெட்டி, போஸ்டர், தடிமனான புத்தகம் என்று வரும் லிமிடெட் எடிஷன்களைப் பார்த்து மனம் அலைபாயும். ஆரோ போன்ற கம்பெனிகள் சில மாதம் கழித்து அதே டிஸ்க்கைச் சாதாரண உறையில் குறைந்த விலைக்கு விடுவது வழக்கம். படம் ஒன்றுதான், ஸ்கேனும் ஒன்றுதான். புத்தகம் படிக்கும் பழக்கம் உள்ளவர் முதலாவதை எடுக்கட்டும், மற்றவர்கள் காத்திருக்கலாம். நான் 'டீப் ரெட்'டுக்கு மட்டும் பெரிய பெட்டி வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் சாதாரண உறைதான்.